மதர்போர்டு மாற்றப் போகிறேன், ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது?

வைகறை:

எல்லோருக்கும் வணக்கம். என் டெஸ்க்டாப் கொஞ்ச நாளாகத் திடீர் திடீரென்று அணைந்துபோகிறது. சில நேரம் நன்றாக ஓடும், சில நேரம் விண்டோஸ் லோகோ வருவதற்குள்ளேயே நின்றுவிடும். ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டாயிற்று, வேறு எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) வைத்தும் பார்த்தாயிற்று. டார்ச் அடித்துப் பார்த்தால் பிராசஸர் பக்கத்தில் இரண்டு கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறது. ஒன்றின் மேல் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருக்கிறது. அதனால் மதர்போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் புதிதாகப் போடுவதென்று முடிவெடுத்துவிட்டேன்.

என் கவலை டேட்டாதான். உள்ளே 240 ஜிபி சாட்டா (கேபிளால் போர்டோடு இணைக்கும் வகை) எஸ்எஸ்டி ஒன்று இருக்கிறது, அதில்தான் விண்டோஸ் 10. கூடவே 1 டிபி ஹார்ட் டிஸ்க், டி, இ என்று இரண்டாகப் பிரித்தது. குடும்பப் போட்டோக்கள், அம்மாவின் மருத்துவ ரிப்போர்ட் ஸ்கேன்கள், என் ஆய்வேட்டின் அத்தனை வடிவங்களும் அதில்தான். தெரிந்தவர் ஒருவர், "போர்டை மாற்றினால் ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும், எல்லாம் போயிடும்" என்கிறார். உண்மையா? வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

திருகாணி:

போகாது வைகறை. முதலில் நிம்மதியாக மூச்சு விடுங்கள்.

ஃபைல்கள் இருப்பது டிஸ்க்கில். மதர்போர்டு அவற்றைப் படிப்பதற்கான வழி மட்டும்தான். போர்டைக் கழற்றுவதாலோ புதிதாகப் போடுவதாலோ டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட மாறாது. டேட்டா போவதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் நம் கை செய்யும் வேலைகளால்தான்: பூட்டிய டிரைவின் சாவியைத் தேடி வைக்காமல் போர்டை மாற்றுவது, "ஃபார்மட் செய்யவா" என்று விண்டோஸ் கேட்டதும் சரி கொடுப்பது, இன்ஸ்டால் செய்யும்போது தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பது, தவறான பவர் கேபிளைச் செருகுவது. இந்த நான்கையும் தடுத்துவிட்டால் பயப்பட வேண்டியதில்லை.

சில விவரங்கள் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் இப்போதும் எப்படியாவது ஆன் ஆகிறதா? பிட்லாக்கர் (கீ இல்லாமல் டிஸ்க்கைப் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதி) போன்ற பூட்டு ஏதாவது இருக்கிறதா? டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களில் எதையாவது சேமிக்கிறீர்களா? அவை சி டிரைவில் இருப்பவை, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் விட முக்கியமாக, அந்த ஆய்வேட்டுக்கு இப்போது வேறு எங்காவது ஒரு காப்பி இருக்கிறதா?

கரும்பலகை:

இவ்வளவு யோசிக்கவே வேண்டாங்க. விண்டோஸ் 10 வந்ததிலிருந்தே இது ரொம்ப சுலபம். பழைய எஸ்எஸ்டியை அப்படியே புது போர்டில் மாட்டி ஆன் பண்ணுங்க. "டிவைஸ்களைத் தயார் செய்கிறது" என்று கொஞ்ச நேரம் சுத்தும், ஒன்றிரண்டு தடவை ரீஸ்டார்ட் ஆகும், அவ்வளவுதான், உங்க பழைய டெஸ்க்டாப் அப்படியே வந்து நிற்கும். நான் நிறைய மெஷினுக்கு இப்படித்தான் பண்ணியிருக்கேன். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துல நீல ஸ்கிரீன் வரும், அந்தப் பயத்தையே இன்னும் எல்லாரும் சொல்லிக்கிட்டிருக்காங்க.

வைகறை:

நன்றி. கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, ஆனால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது. பிட்லாக்கர் இல்லை என்று நினைக்கிறேன், டிரைவ் மேல் பூட்டுப் படம் எதுவும் தெரியவில்லை. டெஸ்க்டாப்பில் நிறையவே இருக்கிறது. ஆய்வேட்டின் பழைய வடிவம் ஒன்று மெயிலில் இருக்கும், புதியது இங்கே மட்டும்தான்.

திருகாணி:

அப்படியானால் மற்றதெல்லாம் பிறகு. இப்போதே ஆய்வேட்டு ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் போடுங்கள், உங்களுக்கே மெயிலிலும் அனுப்பிவிடுங்கள். அதைச் செய்துவிட்டு இந்தப் பதிவைத் தொடர்ந்து படியுங்கள்.

அடிக்கடி அணையும் மெஷினில் பெரிய காப்பி வேலை செய்வது நல்லதல்ல. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் அந்த நேரத்தில் எழுதப்படும் ஃபைல் கெடும், சில சமயம் பார்ட்டிஷனின் அட்டவணையும் கெடும். அதனால் டிஸ்க்கைக் கழற்றி, நன்றாக ஓடும் வேறு கம்ப்யூட்டரில் மாட்டிக் காப்பி செய்வதுதான் சரி. அதற்குச் சாட்டாவிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் ஒன்று போதும். உங்கள் 1 டிபி டெஸ்க்டாப் டிஸ்க் 3.5 அங்குல வகையாகத்தான் இருக்கும். அதற்கு 12 வோல்ட் தேவை, யுஎஸ்பி 5 வோல்ட்தான் தரும். ஆகவே தனி பவர் அடாப்டரோடு வரும் வகையைத்தான் வாங்க வேண்டும். 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு யுஎஸ்பி மின்சாரமே போதும்.

கழற்றுவதற்கு முன் விண்டோஸை முழுமையாக அணையுங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுக்க வேண்டும். சாதாரணமாக அணைத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி பாதி நிலையைச் சேமித்துத் தூங்க வைக்கிறது. அந்த நிலையில் டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டி எதையாவது எழுதிவிட்டு, பழைய விண்டோஸைத் திரும்ப எழுப்பினால், இரண்டும் ஒத்துப்போகாமல் ஃபைல் சிஸ்டம் கெட வாய்ப்பு இருக்கிறது.

கரும்பலகை சொன்னது பெரும்பாலும் நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் வைகறையின் மெஷின் கெப்பாசிட்டர் உப்பும் வயதுடையது. அந்தக் காலத்து விண்டோஸ் பெரும்பாலும் பழைய பயாஸ் முறையில் (ஆன் செய்ததும் போர்டு விண்டோஸை எழுப்பும் முறை), எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணை உள்ள டிஸ்க்கில் போடப்பட்டிருக்கும். இப்போது வரும் போர்டுகள் பலவற்றில் அந்தப் பழைய முறையே இல்லை, அதற்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ முறை மட்டும்தான். எஸ்எஸ்டியை மாட்டினால் "பூட் டிவைஸ் இல்லை" என்று வரும். அதைப் பார்த்துப் பதறி, டேட்டா போய்விட்டது என்று எண்ணி ஃபார்மட் செய்தவர்கள் இருக்கிறார்கள். பூட் ஆகாத டிஸ்க்கும் படிக்க முடியாத டிஸ்க்கும் ஒன்றல்ல. பூட் ஆகாவிட்டாலும் இரண்டாவது டிஸ்க்காக மாட்டினால் ஃபைல்கள் எல்லாம் கண்முன் இருக்கும்.

கரும்பலகை:

சரிதான் சார், எம்பிஆர் விஷயத்தை நான் யோசிக்கலை. ஆனா அதையும் மாத்தலாமே. விண்டோஸ் 10, 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்டுஜிபிடி என்று ஒரு கருவி கூடவே வருது. டேட்டாவை அழிக்காம டிஸ்க்கை யுஇஎஃப்ஐக்கு வேண்டிய ஜிபிடி அட்டவணைக்கு மாத்திடும். டிஸ்க்கில் மூணு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல இருக்கக் கூடாது, அது மட்டும் கவனிக்கணும். மாத்தினதுக்கு அப்புறம் பழைய போர்டு யுஇஎஃப்ஐ தெரியாததா இருந்தா அதுல பூட் ஆகாது. அதனால போர்டு கழட்டறதுக்கு முன்னாடி கடைசி வேலையா பண்ணணும்.

திருகாணி:

ஆமாம், நல்ல கருவி. பேக்கப் கையில் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் வைகறை, இந்த முறை புதிதாகவே இன்ஸ்டால் செய்யுங்கள் என்பேன். விண்டோஸ் 10-க்கான பொதுவான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன. புதுப் போர்டில் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 (சாவிகளைப் பாதுகாத்து வைக்கும் பகுதி) இருக்கும், விண்டோஸ் 11 நேராகவே ஏறும். பழைய எஸ்எஸ்டியைத் தொடாமல் தனியே எடுத்து வைத்துவிட்டால் அதுவே இன்னொரு பேக்கப்.

ஓலைச்சுவடி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பூட்டைப் பற்றிப் பேசியதால் கேட்கிறேன். அப்பாவின் கம்ப்யூட்டரில் போர்டு போய், பழுதுபார்ப்பவர் ஒருவர் அதே மாடலில் வேறு போர்டு போட்டுக் கொடுத்தார். இப்போது ஆன் செய்தால் நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கிறது. அப்பா எந்தப் பூட்டும் போடவில்லை என்று உறுதியாகச் சொல்கிறார். டிஸ்க்கைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அதே கேள்விதான். பழுதுபார்த்தவர், ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார். அப்பாவின் பென்ஷன் காகிதங்கள், தாத்தாவின் கையெழுத்துப் பிரதிகளின் ஸ்கேன் எல்லாம் அதில் இருக்கின்றன.

திருகாணி:

ஃபார்மட் செய்ய விடாதீர்கள். முதலில் அந்த டிஸ்க்கை உங்கள் கைக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா சொல்வது உண்மைதான். அவர் பூட்டவில்லை, விண்டோஸ் தானாகப் பூட்டியிருக்கிறது. தகுதியுள்ள மெஷினில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் செய்ததும் டிவைஸ் என்கிரிப்ஷன் (பிட்லாக்கரின் எளிய வடிவம்) தானாகவே இயங்கத் தொடங்கும். 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு அதற்கான தகுதி விதிகளைத் தளர்த்தியதால், அதைப் புதிதாகப் போட்ட டெஸ்க்டாப்புகளிலும் இப்போது இது பரவலாக நடக்கிறது. சாவி டிபிஎம்-இல் இருக்கும். டிபிஎம் போர்டிலோ பிராசஸரிலோ இருக்கும். போர்டு மாறியதும் டிஸ்க்கைப் பொறுத்தவரை அது அந்நியர் வீடு. அதனால்தான் ரெக்கவரி கீ கேட்கிறது.

நல்ல செய்தி என்னவென்றால், தானாகப் பூட்டும்போது அந்தக் கீயை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் ஏற்றி வைத்த பிறகுதான் பூட்டு முழுமையாக இயங்கும். அப்பா முதன்முதலில் அந்தக் கம்ப்யூட்டரை அமைத்தபோது எந்த மெயில் முகவரியில் நுழைந்தார் என்று கண்டுபிடியுங்கள். அமைத்துக் கொடுத்தது வேறு யாராவது என்றால், உதாரணமாக நீங்களோ உங்கள் அண்ணனோ என்றால், அவர்களுடைய அக்கவுண்டிலும் பார்க்க வேண்டும். அதில் டிவைஸ்கள் பக்கத்தில் பிட்லாக்கர் கீகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். நீலத் திரையில் கீ ஐடி என்று ஒன்று தெரியும். அதன் முதல் எட்டு எழுத்துகளைப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரியானதை எடுங்கள். அலுவலக அக்கவுண்டில் நுழைந்திருந்தால் கீ அந்த அலுவலகத்தின் ஐடி பிரிவிடம் இருக்கும்.

ஓலைச்சுவடி:

கிடைத்துவிட்டது! அண்ணன் பெயரில் உள்ள அக்கவுண்டில் இருந்தது. கம்ப்யூட்டர் வாங்கியபோது அவர்தான் அமைத்துக் கொடுத்தாராம். 48 எண்ணையும் அடித்ததும் விண்டோஸ் திறந்துவிட்டது, எல்லா ஃபைலும் அப்படியே இருக்கின்றன. அப்பா தாத்தாவின் எழுத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

திருகாணி:

மிக்க மகிழ்ச்சி. அந்தக் கீயைத் தாளில் எழுதி, அப்பாவின் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். அதே கம்ப்யூட்டருக்குள் சேமிக்க வேண்டாம். ஃபைல்களை இன்றே வெளி டிஸ்க்கிலும் போட்டுவிடுங்கள்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். டிரைவ் மேல் பூட்டுப் படம் தெரிகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்காமல், செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் பக்கத்தையும் கண்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் பக்கத்தையும் திறந்து பாருங்கள். பூட்டு இருந்தால், போர்டு மாற்றுவதற்கு முன் அதை முழுவதுமாக நீக்கிவிடுவதே நல்லது. தற்காலிகமாக நிறுத்தும் வசதி பயாஸ் அப்டேட் போன்ற சின்ன வேலைகளுக்கு. அது சாதாரணமாக அடுத்த ரீஸ்டார்ட்டிலேயே மீண்டும் இயங்கத் தொடங்கிவிடும். நீக்க சில மணி நேரம் ஆகலாம், நடுவில் அணைக்க வேண்டாம்.

டி, இ போன்ற மற்ற டிரைவ்களையும் பூட்டியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கீ உண்டு. தானாகத் திறக்கும்படி வைத்திருப்பீர்கள், அதனால் பூட்டு இருப்பதே மறந்துபோயிருக்கும். அந்தத் தானியங்கிச் சாவி சி டிரைவின் விண்டோஸில்தான் இருக்கிறது. சி-யை ஃபார்மட் செய்த பிறகு டி-யின் பாஸ்வேர்டும் ரெக்கவரி கீயும் கையில் இல்லையென்றால் டி-யைத் திறக்க வழியே கிடையாது. எந்த ரெக்கவரி மென்பொருளாலும், எந்த லேபாலும் முடியாது.

மின்மினி:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஏஎம்டி பிராசஸரில் டிபிஎம் உள்ளேயே மென்பொருள் வடிவில் இருப்பதால், போர்டை மாற்றாமல் பிராசஸரை மட்டும் மாற்றினாலும் இதே நிலைமை வரும். புதுப் பிராசஸர் போட்டு ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் எஃப்டிபிஎம்மை (பிராசஸருக்குள் இருக்கும் அந்த டிபிஎம்) ரீசெட் செய்யவா, ஒய் (Y) அல்லது என் (N) அழுத்து என்று கேட்கும். பிட்லாக்கர் இருந்தால் ரெக்கவரி கீ வேண்டியிருக்கும் என்று அதிலேயே எழுதியும் இருக்கும். அதைப் படிக்காமல் ஒய் அழுத்திவிடுகிறார்கள். கீ கையில் இல்லையென்றால் என் (N) கொடுத்து, அணைத்து, பழைய பிராசஸரைத் திரும்பப் போட்டு, கீயை எடுத்துக்கொண்டு வரலாம்.

வைகறை, நீங்கள் சி டிரைவைக் காப்பி செய்யும்போது யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் பெயரில் உள்ளதை முழுதாக எடுங்கள். மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரையும் சேர்த்து. ஆனால் சில விஷயங்கள் ஃபோல்டரைக் காப்பி செய்தால் மட்டும் வந்துவிடாது. குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் அந்த விண்டோஸ் அக்கவுண்டின் சாவியால் பூட்டப்பட்டவை. புது விண்டோஸில் அந்த ஃபோல்டரைப் போட்டால் புக்மார்க் வரும், பாஸ்வேர்டு வராது. பழைய விண்டோஸ் ஓடும்போதே ஏற்றுமதி செய்ய வேண்டும், அல்லது கூகுள் அக்கவுண்டோடு சிங்க் செய்திருக்க வேண்டும். ஃபயர்பாக்ஸ் இதில் பரவாயில்லை, புரொஃபைல் ஃபோல்டரை முழுதாக எடுத்தால் பாஸ்வேர்டும் கூடவே வந்துவிடும்.

அவுட்லுக் பயன்படுத்தினால் மெயில்கள் இருக்கும் பிஎஸ்டி ஃபைலைத் தேடி எடுங்கள். ஒஎஸ்டி என்று முடியும் ஃபைல் சர்வரில் இருக்கும் மெயிலின் நகல்தான், அதை வேறு இடத்தில் நேரடியாகத் திறக்க முடியாது. கணக்கு மென்பொருள் ஏதாவது இருந்தால் அதன் டேட்டா பெரும்பாலும் டாக்குமென்ட்ஸில் இருக்காது. அந்த மென்பொருளின் பேக்கப் மெனுவிலிருந்தே எடுப்பதுதான் பாதுகாப்பு.

ஒன்டிரைவ் வைத்திருப்பவர்கள் டெஸ்க்டாப்பில் உள்ள ஃபைல்களின் பக்கத்தில் மேகப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். மேகம் இருந்தால் அந்த ஃபைல் உங்கள் டிஸ்க்கில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் அது திறக்காது. எப்போதும் இந்த டிவைஸில் வைத்திரு என்பதைத் தேர்ந்தெடுத்து, இறங்கி முடிந்த பிறகு காப்பி செய்யுங்கள்.

வைகறை:

மின்மினி, பாஸ்வேர்டு விஷயம் தெரிந்ததும் உடனே ஏற்றுமதி செய்துவிட்டேன், நல்லவேளை மெஷின் அதுவரை தாங்கியது. ஆய்வேடும் பத்திரம். அடாப்டர் வாங்கி, தங்கையின் லேப்டாப்பில் மாட்டி எஸ்எஸ்டியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தாயிற்று.

1 டிபி டிஸ்க்கில்தான் சிக்கல். டி டிரைவ் நன்றாக வந்தது. இ டிரைவில் போட்டோ ஃபோல்டரைக் காப்பி செய்யும்போது வேகம் திடீரென்று சுழியத்துக்கு வந்துவிடுகிறது. டிஸ்க் "டக்... டக்" என்று மெதுவாகச் சத்தம் போடுகிறது, பிறகு ஒரு ஃபைலைப் படிக்க முடியவில்லை என்கிறது. செக்டிஸ்க் ஓட்டச் சொல்லி விண்டோஸ் கேட்கிறது. ஓட்டலாமா?

திருகாணி:

ஓட்டாதீர்கள். காப்பியையும் நிறுத்திவிடுங்கள்.

செக்டிஸ்க் ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்யும் கருவி. அது டிஸ்க்கில் எழுதும். ஆரோக்கியமான டிஸ்க்கில் கெட்ட அட்டவணையைச் சரிசெய்ய அது உதவும். தட்டே தேய்ந்துகொண்டிருக்கும் டிஸ்க்கில், படிக்க முடியாத இடங்களைச் சேர்ந்த ஃபைல் பெயர்களை வெட்டித் தள்ளிவிடும்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற ஒரு மென்பொருளில் ஸ்மார்ட் எண்களை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைப்பவை) பாருங்கள். 05 என்பது ஏற்கெனவே மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள்), சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை, சி6 என்பது திருத்தவே முடியாதவை. சி5-இல் சுழியம் தவிர வேறு எண் இருந்தால் அந்த டிஸ்க்கை ஃபோல்டர் ஃபோல்டராகக் காப்பி செய்யக் கூடாது. விண்டோஸ் ஒரு கெட்ட இடத்தில் முட்டினால் திரும்பத் திரும்ப அதையே படிக்க முயலும். ஒவ்வொரு முயற்சியிலும் தட்டைப் படிக்கும் ஹெட் இன்னும் களைத்துப்போகும், நன்றாக இருக்கும் மீதிப் பகுதியை எடுப்பதற்குள் டிஸ்க் நின்றுவிடலாம்.

வைகறை:

05-இல் எண் இருக்கிறது, சி5-இலும் இருக்கிறது. நிரல் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டுகிறது. இப்போது பயமாக இருக்கிறது.

திருகாணி:

பயப்பட வேண்டாம், இன்னும் டிஸ்க் சுழல்கிறது, அடையாளம் தெரிகிறது. இந்த நிலையிலிருந்து பெரும்பாலும் அநேகமாக எல்லாவற்றையும் எடுத்துவிட முடியும். ஆனால் ஒன்றை முதலில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் போட்டோக்கள் போனால் தாங்கவே முடியாது என்றால், இந்த இடத்திலேயே நிறுத்தி, டேட்டா ரெக்கவரி லேபில் கொடுப்பதுதான் சரி. சத்தம் ஒரே சீராக, ஆன் செய்ததுமே தொடர்ந்து டக் டக் என்று வந்தால் வீட்டில் எதுவும் முயலவே கூடாது, ஹெட் தட்டில் உரசிக்கொண்டிருக்கலாம்.

கெட்ட இடம் வரும்போது மட்டும் திணறுகிறது என்றால், டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற கருவியை முயலலாம். லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) பூட் செய்து ஓட்ட வேண்டும். அதே அளவோ பெரியதோ ஆன வேறு டிஸ்க் ஒன்று காலியாக வேண்டும். இந்தக் கருவியின் அருமை என்னவென்றால், முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிகிற இடங்களையெல்லாம் அள்ளிக்கொள்ளும், முட்டும் இடத்தைத் தாண்டிப் போய்விடும். எதை எடுத்தது, எதை விட்டது என்று மேப் ஃபைல் ஒன்றில் குறித்து வைக்கும். அடுத்தடுத்த சுற்றில் விட்டதை மட்டும் சின்னச் சின்னதாக முயலும். நடுவில் நிறுத்த வேண்டி வந்தாலும் அந்த மேப் ஃபைல் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூலம் எது, இலக்கு எது என்பதை டிஸ்க்கின் சீரியல் நம்பரை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். லேபிளில் உள்ள நம்பரும் திரையில் தெரியும் நம்பரும் ஒன்றா என்று கண்ணால் பாருங்கள். இரண்டும் இடம் மாறினால் காலி டிஸ்க் உங்கள் போட்டோக்களின் மேல் எழுதப்பட்டுவிடும்.

எடுத்து முடித்த பிறகு அந்த நகலில்தான் செக்டிஸ்க்கோ ரெக்கவரி மென்பொருளோ ஓட்ட வேண்டும். மூல டிஸ்க்கை அதன் பிறகு தொடக் கூடாது.

இரட்டைத்தட்டு:

வைகறையின் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு சின்னக் கேள்வி. என்னிடம் இரண்டு டிஸ்க், போர்டின் பயாஸிலேயே ரெய்டு 0 (இரண்டையும் ஒரே டிஸ்க்காகச் சேர்ப்பது) அமைத்தது. புதுப் போர்டில் இரண்டையும் மாட்டினால் வருமா?

திருகாணி:

நம்பி இறங்காதீர்கள். பழைய போர்டு ஓடும்போதே முழுதாக வெளியே எடுத்துவிடுங்கள். இன்டெல் ரெய்டு என்றால் அதே வசதி உள்ள இன்டெல் போர்டில் பெரும்பாலும் அடையாளம் தெரியும், லினக்ஸின் எம்டிஅட்ம் (mdadm) கருவியும் அதைப் படிக்கும். வேறு தயாரிப்புக்கு மாறினால் இரண்டும் வெற்று டிஸ்க்காகத் தெரியும், "இனிஷியலைஸ் செய்யவா" என்று விண்டோஸ் கேட்கும். அங்கே ரத்து கொடுக்க வேண்டும். லினக்ஸ் மென்பொருள் ரெய்டும் விண்டோஸ் ஸ்டோரேஜ் ஸ்பேசஸும் போர்டைச் சாராதவை, எல்லா டிஸ்க்கையும் சேர்த்து மாட்டினால் எந்த மெஷினிலும் எழும்.

வைகறை:

டிடிரெஸ்க்யூ முடிந்தது. இரவு முழுக்க ஓடியது. முதல் சுற்றிலேயே மிகப் பெரும் பகுதியை எடுத்துவிட்டது, கடைசிக் கொஞ்சத்துக்குத்தான் அவ்வளவு நேரம். நகலில் இ டிரைவைத் திறந்தேன். சில வீடியோக்கள் நடுவில் நிற்கின்றன, ஒரு போட்டோ பாதி சாம்பல் நிறமாக இருக்கிறது. மற்றதெல்லாம் வந்துவிட்டது, அம்மாவின் ரிப்போர்ட்டுகள் உட்பட. ஒவ்வொரு வருடத்து ஃபோல்டரிலும் அங்கங்கே திறந்து பார்த்தேன். மிக மிக நன்றி.

இனி போர்டு மாற்றும் வேலை. புதிதாக 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்றும், கேபிள் கழற்றி மாட்டும் வகையில் புது எஸ்எம்பிஎஸ் ஒன்றும் வாங்கியிருக்கிறேன். பழைய எஸ்எம்பிஎஸ்ஸும் அதே வகைதான், அதன் சாட்டா பவர் கேபிள் கேஸுக்குள் அழகாகக் கட்டி வைத்தபடி இருக்கிறது. அதிலேயே புது எஸ்எம்பிஎஸ்ஸை இணைத்துக்கொள்ளலாம் அல்லவா?

திருகாணி:

வேண்டாம், வேண்டவே வேண்டாம். நீங்கள் கேட்டது நல்லதாயிற்று.

சாட்டா பவர் கேபிளில் டிஸ்க் பக்க முனைக்குத்தான் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்க முனை எப்படி இருக்க வேண்டும் என்று எந்தத் தரமும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும், சில நேரம் ஒரே கம்பெனியின் வேறு வேறு மாடல்களும் வோல்ட்டேஜ் கம்பிகளை வேறு வேறு இடத்தில் வைத்திருக்கும். பிளக் கச்சிதமாகப் பொருந்தும். ஆன் செய்ததும் 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகும், டிஸ்க்கின் சர்க்யூட் அந்த நொடியே எரியும். ஒரே நேரத்தில் மாட்டியிருந்த எல்லா டிஸ்க்கும் போகும், பேக்கப் டிஸ்க்கும் அதில் இருந்தால் அதுவும் சேர்ந்து. எஸ்எம்பிஎஸ்ஸோடு பெட்டியில் வந்த கேபிளை மட்டுமே பயன்படுத்துங்கள். டேட்டா போகும் மெல்லிய சாட்டா கேபிள் எதுவானாலும் பரவாயில்லை.

தப்பித் தவறி யாருக்காவது இப்படி ஆகியிருந்தால், அதே மாடல் டிஸ்க்கின் பச்சை சர்க்யூட் போர்டை வாங்கி மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுத் திருத்தங்கள் சர்க்யூட்டில் உள்ள ஒரு ராம் சிப்பில் இருக்கும், அதையும் பெயர்த்து மாற்ற வேண்டும். அது லேப் வேலை.

மின்மினி:

ராம் இல்லை சார், ரோம் சிப்.

திருகாணி:

ஆமாம், ரோம். நன்றி மின்மினி.

வைகறை, இன்ஸ்டால் செய்யும்போது புது என்விஎம்இ ஒன்று மட்டுமே மாட்டியிருக்கட்டும். டிடிரெஸ்க்யூ நகல், பழைய எஸ்எஸ்டி எதுவும் கேஸுக்குள் இருக்கக் கூடாது. தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் ஆபத்து ஒருபுறம். இன்னொன்று, வேறு டிஸ்க்கில் ஏற்கெனவே பூட் பார்ட்டிஷன் இருந்தால் விண்டோஸ் தன் பூட் ஃபைல்களை அங்கே போய் வைத்துவிடும். பிறகு என்றாவது அந்தப் பழைய டிஸ்க்கைக் கழற்றினால் புது விண்டோஸ் எழாது. இன்ஸ்டால் முடிந்து, அப்டேட் முடிந்து, ஒருமுறை முழுதாக அணைத்து ஆன் செய்து பார்த்த பிறகு மற்றவற்றை மாட்டுங்கள்.

இன்ஸ்டால் திரையில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால், இன்டெல் போர்டாக இருந்தால் பயாஸில் விஎம்டி என்ற செட்டிங் ஆன் ஆகியிருக்கும். ரெய்டு தேவையில்லாதவர்கள் அதை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யலாம்.

வைகறை:

விண்டோஸ் 11 போட்டாயிற்று, மெஷின் அணையாமல் ஓடுகிறது! ஆனால் நகல் டிஸ்க்கை உள்ளே மாட்டினால் தெரியவே இல்லை. பயாஸிலும் இல்லை. யுஎஸ்பி அடாப்டரில் மாட்டினால் நன்றாகத் தெரிகிறது. கேபிளும் மாற்றிப் பார்த்தேன்.

கரும்பலகை:

போர்டின் மேனுவல்ல எம்.2 (உங்க என்விஎம்இ மாட்டியிருக்கிற ஸ்லாட்) பக்கத்தைப் பாருங்க. நிறைய போர்டுல எம்.2 ஸ்லாட்டும் சாட்டா போர்ட் ஒண்ணு ரெண்டும் ஒரே பாதையைப் பகிர்ந்துக்கும். அந்த ஸ்லாட்டுல எஸ்எஸ்டி போட்டா அந்த போர்ட் அணைஞ்சிடும். பெரும்பாலும் கடைசி ரெண்டு எண்ணா இருக்கும். டிஸ்க்கை வேற சாட்டா போர்ட்ல போட்டுப் பாருங்க.

வைகறை:

சரியாகச் சொன்னீர்கள் கரும்பலகை! ஆறாவது போர்ட்டில் மாட்டியிருந்தேன், மேனுவலில் அதுவே எழுதியிருக்கிறது. இரண்டாவதில் மாட்டியதும் வந்துவிட்டது.

பழைய எஸ்எஸ்டியிலிருந்து விட்டுப்போன எழுத்துருக்களை எடுக்கப் போனேன். யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது.

மின்மினி:

பழைய விண்டோஸின் அக்கவுண்டும் இப்போதுள்ளதும் பெயர் ஒன்றாக இருந்தாலும் விண்டோஸுக்கு வேறு வேறு ஆட்கள். தொடர்க என்று கொடுங்கள், மேலே பச்சைக் கோடு மெதுவாக நகரும், ஃபைல் நிறைய இருந்தால் நேரம் பிடிக்கும். முடியும்வரை காத்திருங்கள். பூட்டு இல்லாத டிஸ்க் என்பதால் திறந்துவிடும்.

வைகறை:

திறந்துவிட்டது. எழுத்துருக்களும் கிடைத்தன, ஆய்வேட்டை அதே வடிவில் திறக்க முடிகிறது. கடைசியாக ஒன்று: பழைய எஸ்எஸ்டியை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டால் அதைப் பேக்கப்பாகக் கணக்கில் கொள்ளலாமா?

திருகாணி:

சில மாதங்களுக்குக் கொள்ளலாம். "அந்த ஃபைலை எடுக்க மறந்துவிட்டோமே" என்று தோன்றும் காலம் அதுதான். அதுவரை ஃபார்மட் செய்யாதீர்கள். எஸ்எஸ்டியில் ஃபார்மட் செய்தால் ட்ரிம் கட்டளை அந்த இடங்களை உள்ளேயே காலி செய்துவிடும், ஹார்ட் டிஸ்க்கைப் போல மீட்க முடியாது.

ஆனால் வருடக்கணக்கில் மின்சாரமே இல்லாமல் வைக்க எஸ்எஸ்டி ஏற்றதல்ல. செல்களில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும், நிறைய எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டியில் இன்னும் சீக்கிரம். நீண்ட நாள் பேக்கப்புக்கு வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வைத்து, இன்னொரு பிரதியை வேறு இடத்தில் வையுங்கள், தங்கை வீட்டிலேயே கொடுத்து வைக்கலாம். சி5 காட்டிய அந்த 1 டிபி டிஸ்க்கில் இனி எதையும் சேமிக்க வேண்டாம். பாதியில் நிற்கும் வீடியோக்களுக்காக என்றாவது லேபுக்குப் போக நினைத்தால் அது தேவைப்படும், அதனால் எறிந்துவிடாமல் உறையில் போட்டு, மேலே "கெட்டது, மாட்டாதே" என்று எழுதி வையுங்கள்.

இன்னொன்று, புது விண்டோஸ் 11-இல் நீங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்திருந்தால் டிவைஸ் என்கிரிப்ஷன் பக்கத்தை இன்றே திறந்து பாருங்கள். ஆன் ஆகியிருந்தால் ரெக்கவரி கீயை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்.

வைகறை:

பார்த்தேன், ஆன் ஆகியிருக்கிறது. கீயை எழுதி, அம்மாவின் ரிப்போர்ட் ஃபைலின் பின்னட்டையில் ஒட்டிவிட்டேன்.